முகூர்த்த நாளில் நிரம்பும் கஜானா

ஆவணியிலோ தை மாதத்திலோ நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒன்பது மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். பத்திர எழுத்தர் கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பார். சாட்சிக் கையெழுத்துக்கு வந்த மச்சான் ஆதார் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். டோக்கன் எண் வந்த பிறகும், ராகு காலம் முடியட்டும் என்று உள்ளே போகாமல் நிற்கிற குடும்பம் ஒன்றாவது இருக்கும்.

பதிவுத்துறைக்கும் இது தெரியும். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் வழக்கமாக நாளுக்கு 100 டோக்கன். முகூர்த்த நாளென்றால் 150. இரண்டு சார்பதிவாளர் இருந்தால் 200 என்பது 300 ஆகும். 2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை. அந்த ஒரே நாளில் பத்திரப் பதிவு மூலம் தமிழக அரசுக்கு வந்தது 270 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு செப்டம்பர் 4, ஆவணி முகூர்த்தம். சுமார் 274 கோடி. ஆடி பிறந்தால் இதே அலுவலகங்கள் காற்றாடும். ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. 2024ல் அது சனிக்கிழமையில் வந்தபோது, விடுமுறை நாளாக இருந்தாலும் அலுவலகங்களைத் திறந்து வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

மாநிலத்தின் வரவு இப்படித்தான் வருகிறது. கொஞ்சம் பஞ்சாங்கம் பார்த்து, கொஞ்சம் கச்சா எண்ணெய் விலை பார்த்து, சமயத்தில் நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்து. ஆனால் மாதக் கடைசியில் ஆசிரியருக்கும் காவலருக்கும் சம்பளம் போக வேண்டும், ஓய்வூதியம் போக வேண்டும், கடன் பத்திரத்துக்கு வட்டி போக வேண்டும். அந்தத் தேதிகளுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. பட்ஜெட் பற்றிய பேச்சில் கடன் எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவு என்றுதான் சண்டை போடுகிறோம். வரவு எவ்வளவு ஆடுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. அது ஆடுகிற ஆட்டத்தை விட, ஆடி ஏறிய உச்சத்தை நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டு செலவைப் போட்டுக்கொள்வதில்தான் ஆபத்து அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில் கணக்கு. 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். இதில் மாநிலம் தானே வசூலிக்கும் வரி 2,20,895 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் மத்திய வரியில் பங்கு, மத்திய அரசின் மானியம், கட்டணங்கள் வகையறா. சொந்த வரிக்குள் பெரும்பகுதி ஜிஎஸ்டியும், பெட்ரோல், டீசல், மது மீதான மதிப்புக்கூட்டு வரியும். அப்புறம் பத்திரப் பதிவு, மது ஆயத்தீர்வை, வாகன வரி. பத்திரப் பதிவுக்கு வைத்த இலக்கு சுமார் 26 ஆயிரம் கோடி. ஒரு வேலை நாளுக்கு 100 கோடி சொச்சம்தான் சராசரி. அப்படியானால் 274 கோடி வந்த நாளின் மறுபக்கத்தில் எத்தனை வெறும் நாட்கள் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு மாதம் ஆடுவது பெரிய தலைவலி இல்லை. ஆடியில் குறைந்தது ஆவணியில் வந்துவிடும். நடுவில் முடை வந்தால் ரிசர்வ் வங்கியிடம் வழிவகை முன்பணம் என்ற பெயரில் கைமாற்று வாங்கிக்கொள்ளலாம். அந்த வரம்பையும் தாண்டினால் ஓவர்டிராஃப்ட். அதில் தொடர்ந்து 14 வேலை நாட்களுக்கு மேல் நிற்க முடியாது. மளிகைக் கடைப் பற்றுவழி போலத்தான், சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம் என்கிற ஏற்பாடு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆவணி வந்தும் வரவு வராத ஆண்டுகளில்.

அப்படி ஒரு காலம் 2016ல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலத்தைக் கூறு போட்டு விற்பதைத் தடுக்கும் நல்ல நோக்கம். ஆனால் தமிழ்நாட்டில் கைமாறிய மனைகளில் பெரும்பகுதி அந்த ரகம்தான் என்பதால், சார்பதிவாளர் அலுவலகங்கள் ஒரே நாளில் வெறிச்சோடின. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 8, பணமதிப்பு நீக்கம். ரொக்கத்தில் ஓடிய நில வியாபாரம் படுத்துவிட்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளை ஒட்டி 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஏழே மாதத்தில் மூன்று அடி. மூன்றுமே கோட்டையில் உட்கார்ந்திருந்த யாரும் எடுத்த முடிவு கிடையாது. மூன்றும் பட்ஜெட்டில் எழுதப்பட்டிருந்ததும் கிடையாது.

அதற்கு அரசு தேடிய வைத்தியமும் வேடிக்கையானது. 2017 ஜூனில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலையை, 33 சதவீதம் குறைத்தார்கள், வியாபாரம் நடக்கட்டும் என்று. குறைந்தால் வரவு போய்விடுமே? பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றினார்கள். 7 சதவீத முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 11. 2023 ஏப்ரலில் மறுபடி தலைகீழ்: மதிப்பு பழையபடி மேலே போனது, கட்டணம் 4லிருந்து 2 ஆக இறங்கியது. ஆறு வருடத்தில் ஒரே தராசின் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி அமுக்கியிருக்கிறார்கள். மாநிலத்தின் கையில் இன்னும் மிச்சம் இருக்கிற பிடிகளில் இது ஒன்று என்பதுதான் காரணம்.

ஆம், மிச்சம் இருக்கிற பிடி. முன்பெல்லாம் மாநில பட்ஜெட் என்றால் மறுநாள் பத்திரிகையில் எது விலை ஏறும், எது இறங்கும் என்று பட்டியல் வரும். இப்போது சட்டமன்ற பட்ஜெட்டில் அந்தப் பக்கமே கிடையாது. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்த பிறகு சோப்புக்கும் சிமெண்டுக்கும் என்ன வரி என்று சென்னையில் முடிவு செய்ய முடியாது. டெல்லியில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்யும். மாநிலம் தானாக ஏற்றி இறக்கக்கூடியவை பெட்ரோல், டீசல், மது, நிலம், வண்டி, மின்சார வரி. இவற்றில் பெரும்பாலானவை ரொம்ப ஆடுபவை, அல்லது அரசியலில் சுடுபவை. 2023 நவம்பரில் வாகனங்களுக்கான ஆயுள் கால வரியை உயர்த்தி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் என்று வைத்ததும் இந்த நெருக்கடியில்தான். வேறு எங்கே கை வைப்பது?

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. டாஸ்மாக் மூலம் 2024-25ல் அரசுக்கு வந்தது 48,344 கோடி. இதில் ஆயத்தீர்வை என்ற தலைப்பில் வருவது நாலில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி மதிப்புக்கூட்டு வரி என்ற கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பட்ஜெட் புத்தகத்தில் ஆயத்தீர்வை என்ற தலைப்பை மட்டும் பார்த்து, பரவாயில்லையே என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இந்த வரவு நிலம்போல ஆடாது, வருடா வருடம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நீதிபதியோ, ஒரு தேர்தல் வாக்குறுதியோ நினைத்தால் நின்றுபோகும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் மூடிய கடைகளை மே 7ல் திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கி மே 16ல் மீண்டும் திறந்தார்கள். தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தனை வசவுக்கும் நடுவில் அந்த அவசரம் ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் கஜானாவில் இருந்தது.

அந்த ஊரடங்கின்போதுதான் வரவு எவ்வளவு விழ முடியும் என்பது தெரிந்தது. 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் வசூலான ஜிஎஸ்டி 1,13,865 கோடி. 2020 ஏப்ரலில் 32,172 கோடி. நாலில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மாநிலங்களுக்கு அப்போது ஒரு காப்பீடு இருந்தது. ஜிஎஸ்டிக்குச் சம்மதிக்க வைப்பதற்காக, ஐந்து வருடத்துக்கு ஆண்டுதோறும் 14 சதவீத வளர்ச்சிக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். குறைந்தால் மத்திய அரசு ஈடு செய்யும். 14 சதவீதம்! எந்த வங்கியும் எந்தச் சீட்டுக் கம்பெனியும் ஒழுங்காகத் தர முடியாத வட்டி அது. அந்த ஐந்து வருடத்தில் மாநிலங்கள் வரவு ஆடும் என்பதையே மறந்துபோயின என்று நினைக்கிறேன். உண்மையிலேயே விழுந்தபோது, 2020 ஆகஸ்ட் 27ல் மத்திய நிதியமைச்சர் இது கடவுளின் செயல் என்றார். ஈட்டுத்தொகைக்கென்று வசூலித்த செஸ் என்ற கூடுதல் வரி போதுமான அளவு வரவில்லை. கடைசியில் மத்திய அரசு கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கைமாற்றிக் கொடுத்தது: முதல் வருடம் 1.1 லட்சம் கோடி, அடுத்த வருடம் 1.59 லட்சம் கோடி. 2022 ஜூனோடு அந்தக் காப்பீடும் காலாவதி. இப்போது விழுந்தால் சொந்தக் காலில்தான் நிற்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி அடுக்குகள் பெரும்பாலும் 5, 18 என்று சுருங்கியபோது மாநிலங்கள் இழப்பீடு கேட்டுக் குரல் கொடுத்தது இதனால்தான். மார்ச்சில் இலக்கு எழுதிய பிறகு, நடு ஆண்டில் வரி விகிதம் மாறியது.

2020ல் தமிழக அரசு செய்த இரண்டு காரியங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று பெட்ரோல். அதுவரை பெட்ரோலுக்கு 34 சதவீதம், டீசலுக்கு 25 சதவீதம் என்று வரி. மே மாதத் தொடக்கத்தில் அதை மாற்றி, பெட்ரோலுக்கு 15 சதவீதமும் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும், டீசலுக்கு 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று வைத்தார்கள். பம்ப்பில் பெட்ரோல் விலை மூன்று ரூபாய்க்கு மேல் ஏறியது. ஏறியதைத்தான் எல்லோரும் திட்டினார்கள். சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. வரிக்கு முந்தைய விலை 70 ரூபாய் என்று வையுங்கள். பழைய முறையில் வரி 23.80, புது முறையில் 23.52. ஏறக்குறைய ஒன்றுதான். விலை 50க்கு விழுந்தால்? பழைய முறையில் 17 ரூபாய்தான் வரும், புது முறையில் 20.52. விலை 90க்கு ஏறினால் பழையது 30.60 தந்திருக்கும், புதியது 26.52 மட்டும். மேலேயும் குறைவாக ஏறும், கீழேயும் குறைவாக இறங்கும். வரவின் ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்த மாற்றம் இது. அரசியல் மேடையில் யாரும் இதைச் சாதனையாகச் சொல்லிக் கேட்டதில்லை. 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோதும் வடிவத்தை மாற்றவில்லை, 13 சதவீதமும் 11.52 ரூபாயும் என்று ஆக்கினார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. லிட்டருக்கு 11.52 ரூபாய் என்பது பத்து வருடம் கழித்தும் 11.52தான். சம்பளம் ஏறும், அரிசி ஏறும், அது ஏறாது. நிலையான வரி மெல்ல வளரும். வேகமாக வளரும் வரி ஆடும். இரண்டும் ஒரே வரியில் கிடைப்பது அபூர்வம். தமிழ்நாட்டில் சொந்த வரி வருவாய் ஒரு காலத்தில் மாநில மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது, இப்போது 6 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பொருளாதாரம் வளர்கிற வேகத்துக்கு வரி வளரவில்லை.

இரண்டாவது காரியம் ஓய்வு வயது. 2020 மே 7 அன்று அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயதை 58லிருந்து 59 ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 60. ஊழியர் ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி என்று ஒரு மொத்தத் தொகை கொடுக்க வேண்டும். வயதை ஏற்றினால் அந்த வருடம் வயது காரணமாக யாரும் ஓய்வு பெற மாட்டார்கள், தொகையும் போகாது. கையில் பணமில்லாத குடும்பம் மகளின் கல்யாணத்தை அடுத்த தைக்குத் தள்ளிப்போடுவது மாதிரி. கல்யாணம் நின்றுபோவதில்லை. 2022 மே மாதத்திலிருந்து ஓய்வு பெறுவோர் பட்டியல் மறுபடி நகரத் தொடங்கியது.

சரி, நல்ல வருடத்தில் சேர்த்து வைத்தால் என்ன? கேட்க எளிது. கலிபோர்னியா அதைத்தான் செய்கிறது. அந்த மாநிலத்தின் வருமான வரியில் கிட்டத்தட்ட பாதியை மேல்தட்டு 1 சதவீதத்தினர் கட்டுகிறார்கள். அவர்கள் வருமானம் பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும். 2022 மே மாதம் ஆளுநர் நியூசம் 97.5 பில்லியன் டாலர் உபரி என்று அறிவித்தார். 2023 ஜனவரியில் அதே மனிதர் 22.5 பில்லியன் பற்றாக்குறை என்றார். அந்த வருடம் புயல் மழை காரணமாக வரி கட்டும் கெடு நவம்பர் வரை தள்ளிப்போனதால், எவ்வளவு வரும் என்றே தெரியாமல் பட்ஜெட் போட்டார்கள். நல்ல வருடத்தில் ஒரு பகுதியைக் கட்டாயம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று 2014ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதி இல்லையென்றால் பாடு இன்னும் மோசமாகியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. 2013-14 முதல் இங்கே வருவாய்ப் பற்றாக்குறை. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறவன் உண்டியலில் போட வேண்டுமென்றால், அதற்கும் கடன்தான் வாங்க வேண்டும். மாநிலம் சந்தையில் 7 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்குகிறது. மிஞ்சிய ரொக்கத்தை ரிசர்வ் வங்கி 14 நாள் கருவூலப் பத்திரத்தில் போட்டு வைக்கும், அதற்கு வட்டி குறைவு. சேமித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கைக்காசு போகும். சுரங்க வருமானம் கொழித்த ஒடிசா பட்ஜெட்டை நிலைப்படுத்த என்று தனி நிதியே வைத்தது. அங்கே வருவாய் உபரி இருந்தது, செய்தார்கள்.

கெட்ட வருடத்தில் கூடுதலாகக் கடன் வாங்கிச் சமாளிக்கலாமே என்றால், அதற்கும் டெல்லியின் அனுமதி வேண்டும். அரசியல் சட்டத்தின் 293வது பிரிவு, மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கிற மாநிலம் அதன் சம்மதமில்லாமல் கடன் வாங்கக் கூடாது என்கிறது. வழக்கமான வரம்பு மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதம். பொருளாதாரம் சுருங்கினால் வரியும் சுருங்கும், கடன் வரம்பும் கூடவே சுருங்கும். குடை வாங்கக் காசில்லாத அன்றைக்குத்தான் மழை. 2020ல் வரம்பை 5 சதவீதம் வரை தளர்த்தினார்கள், நிபந்தனைகளோடு. அந்த ஆண்டு தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்று 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை சொன்னது.

இப்போது செலவுப் பக்கம். 2025-26ல் வட்டிக்கு மட்டும் 70 ஆயிரம் கோடிக்கு மேல். வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 21 காசு கதவைத் தாண்டுமுன்பே போய்விடுகிறது. சம்பளமும் ஓய்வூதியமும் அப்படித்தான். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வருடம் 13,800 கோடி. நான் அதற்கு எதிரி இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் கையில் வருகிற பெண்ணுக்கு அது என்னவாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டிலேயே பார்க்கிறேன். ஆனால் அது ஒரு முறை செலவு கிடையாது. 274 கோடி வந்த நாளின் தெம்பில் தொடங்கலாம். 2016 மாதிரி வருடம் வந்தால் நிறுத்த முடியாது. இலவசமா நலத்திட்டமா என்ற பழைய விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எந்த வரவை நம்பி எந்தச் செலவு என்று ஒருவராவது ஜோடி போட்டுப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. நிலத்திலிருந்து வரும் பணத்தைப் பாலத்துக்குச் செலவிடலாம். வராவிட்டால் பாலம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதை நம்பி மாதாந்திரத் தொகை போட்டால் தள்ளிப்போட இடமில்லை.

தள்ளிப்போட இடமில்லாதபோது என்ன ஆகும் என்பதைப் பார்க்க, பட்ஜெட் புத்தகத்தில் திருத்த மதிப்பீடு என்ற பத்தியைப் பாருங்கள், முடியப்போகும் ஆண்டின் மதிப்பீட்டை மாற்றி எழுதும் இடம் அது. தலைப்புச் செய்தி எல்லாம் புது ஆண்டின் எண்ணைப் பற்றித்தான் வரும். கதை பழைய ஆண்டின் திருத்தத்தில் இருக்கும். 2024-25ல் சொந்த வரி 1,95,173 கோடி வரும் என்றார்கள். திருத்தத்தில் அது 1,92,752 கோடி. மொத்த வருவாய் வரவு 2,99,010 கோடியிலிருந்து 2,93,906 கோடியாக, அதாவது 5,104 கோடி குறைந்தது. அப்படியானால் வருவாய்ப் பற்றாக்குறை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை, 49,279 கோடியிலிருந்து 46,467 கோடியாகக் குறைந்திருக்கிறது. நல்ல நிர்வாகம் என்று சொல்லிவிடலாம், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் கணக்கு ஒன்றுதான்: வரவு 5 ஆயிரம் கோடி குறைந்தபோது செலவு கிட்டத்தட்ட 8 ஆயிரம் கோடி குறைந்திருக்கிறது. வட்டியை வெட்ட முடியாது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்ட முடியாது. வெட்டு வேறெங்கோ, சின்னச் சின்னத் தலைப்புகளில் விழுந்திருக்கிறது. பராமரிப்பு, மருந்து கொள்முதல், நிரப்பாத பணியிடம், இந்த மாதிரி தலைப்புகளில்தான் வழக்கமாக விழும். அவற்றுக்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை.

சாலை, பாலம், கட்டடம் என்று போடும் மூலதனச் செலவும் அதே வரிசையில் நிற்கிறது. 2025-26க்கு 57,231 கோடி என்று எழுதினார்கள், முந்தைய ஆண்டை விட 22 சதவீதம் அதிகம். எழுதியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஆண்டும் மார்ச்சில் பார்க்க வேண்டும். ஊரில் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் பாதியில் நிற்கும். கம்பி நீட்டிக்கொண்டு, அதில் யாராவது துணி காயப் போட்டிருப்பார்கள். ஒப்பந்தக்காரரைப் பிடித்துக் கேட்டால், முதல் பில் வந்துவிட்டது, இரண்டாவது பில் இன்னும் பாஸ் ஆகவில்லை, ஃபண்ட் வரலையாம், பார்ப்போம் சார் என்பார்.